2008 மாஸி 1035 டிராக்டர், என்ன விலை சொல்லலாம்?

டெல்டாக்காரன்:
அண்ணன்களே, எங்க வீட்டு மாஸி 1035 டிஐ, 2008 மாடல், அப்பா பேர்ல இருக்கு, குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம். எத்தன மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுற ஹவர் மீட்டர் நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு. புரோக்கர் சுத்திப் பாத்துட்டு ஒன்னே முக்கால் லட்சம்தான் தேறும்ங்கிறார், பக்கத்து ஊர்ல இதே மாடல் ரெண்டரைக்குப் போச்சுன்னு பேசிக்கிறாங்க. எது நியாயமான விலை? இன்ஜின் வேலை பாத்து பெயின்ட் அடிச்சா கூட கிடைக்குமா? கலப்பை, ட்ரெய்லரும் இருக்கு.

கரூர் விவசாயி:
பெயின்ட் மட்டும் வேணாம் தம்பி. பழைய வண்டில புது பெயின்டப் பாத்தாலே எதையோ மறைக்கிறாங்கன்னு கொறச்சுதான் கேப்பாங்க. கழுவி கிரீஸ் வச்சு நிறுத்துங்க, போதும். ட்ரெய்லர், கலப்பைய தனியா விலை பேசுங்க.

டீசல் மெக்கானிக்:
மீட்டர் ஓடலன்னா இன்ஜின்தான் சாட்சி. காலைல வண்டி ஆறிக் கெடக்கும்போது ஒரே செல்ஃப்ல புடிக்குதா பாருங்க, சூடானதும் ஆயில் ஊத்துற மூடியத் தொறந்தா புகை குப்பு குப்புனு தள்ளுச்சுன்னா இன்ஜின் உள்ள ரிங், லைனர் தேஞ்சிருக்கு, வாங்க வர்றவங்களும் மொதல்ல இதத்தான் பாப்பாங்க. அப்புறம் கேஜ் வீல் (இரும்புச் சக்கரம்) போட்டு வயல்ல சேறடிச்ச வண்டியா இருக்கும், கியர் பாக்ஸ் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா தண்ணி எறங்கியிருக்கு. இதுக்கெல்லாம் பட்டறைல எஸ்டிமேட் மட்டும் வாங்கி விலைல கழிச்சுக்குங்க, வேலையப் பாக்காதீங்க, போட்ட காசு முழுசா திரும்பாது.

வாய்க்கால்மேடு:
ஆர்சியப் பாத்தீங்களா? வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் 15 வருஷம்னா 2023லயே முடிஞ்சிருக்கும், ரினியூவல் பண்ணலன்னா அதக் காட்டியே விலைய ஒடைப்பாங்க. லோன் முடிஞ்சாலும் ஹெச்பி, அதாவது ஆர்சில இருக்கிற பேங்க் கடன் பதிவு, தானா போகாது, பேங்க்ல என்ஓசி (ஆட்சேபம் இல்லங்கிற லெட்டர்) வாங்கி ஃபார்ம் 35 குடுத்து நீக்கணும். முக்கியமா பேர் மாத்துற 29, 30 ஃபார்ம்ல வெறும் கையெழுத்தப் போட்டு புரோக்கர்ட்ட குடுத்துடாதீங்க, பேர் மாத்துறதுக்குள்ள ஆக்சிடென்ட் ஆனா கேஸ் அப்பா மேலதான் வரும்.

டெல்டாக்காரன்:
பாத்தேண்ணா, முடிஞ்சிருக்கு, ஹெச்பியும் அப்படியே நிக்குது. புகை கொஞ்சம்தான், ஆயில் நல்லா இருக்கு. பின் டயர் ரெண்டும் போன வருஷம் போட்டது, அத விலைல ஏத்தலாமா?

கரூர் விவசாயி:
தாராளமா ஏத்துங்க, பில் இருந்தா எடுத்து வைங்க. பக்கத்து ஊர் வண்டி ஆர்சி கரண்ட்ல இருந்துச்சா, டயர் எப்படின்னு வாங்குனவர்ட்டயே கேளுங்க, ஊர்ல பேசுற விலை வேற, கை மாறுன விலை வேற. பேப்பர சரி பண்ணிட்டு புரோக்கர் இல்லாம ரெண்டு மூணு பேர்ட்ட காட்டுங்க, நான்னா ரெண்டரை சொல்லி ரெண்டே காலுக்குக் கீழ எறங்க மாட்டேன்.