5,577 விண்மீன் நிறமாலைகள்: கணினியின் 16 கோரில் ஓட்டினால் ஃபைல்கள் கலக்கின்றன

குளிர்மீன்:
டர்போஸ்பெக்ட்ரம் என்ற நிறமாலை கணக்கிடும் மென்பொருளும், மார்க்ஸ் என்ற விண்மீன் வளிமண்டல மாதிரிகளும் வைத்து 5000–9000 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு கிரிட் (எல்லா மதிப்புச் சேர்க்கைகளுக்கும் ஒவ்வொரு நிறமாலை) போடுகிறேன். வெப்பநிலை 4000–7000 கெல்வின், 250 இடைவெளி. லாக் ஜி (மேற்பரப்பு ஈர்ப்பின் மடக்கை) 0–5, 0.5 இடைவெளி, இரும்புச் செறிவு (சூரியனோடு ஒப்பிட்டு, மடக்கையில்) −2.5 முதல் +0.5 வரை, 0.25 இடைவெளி, ஆல்ஃபா தனிமங்களுக்கு (ஆக்சிஜன், மக்னீசியம் போன்றவை) மூன்று மதிப்பு. மொத்தம் 5,577. ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரே கோரில் 279 மணி நேரம். 16 கோரிலும் சேர்த்து ஓட்டினால் தவறான நிறமாலைகள் வருகின்றன. என்ன செய்யலாம்?

கோடுதேடி:
டர்போஸ்பெக்ட்ரத்தின் முதல் நிரல் பாப்ஸ்மா (babsma) எழுதும் ஒளிபுகாமை ஃபைலைத்தான் அடுத்த நிரல் பி-சின் (bsyn) படிக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தால் பக்கத்து வேலையின் ஃபைலைப் படித்துவிடும். பிழைச் செய்தியும் வராது. ஒவ்வொரு வேலைக்கும் தனி ஃபோல்டர் கொடுங்கள். நிறமாலைக் கோடுகளின் பட்டியலை நகலெடுக்காமல் இணைப்பு மட்டும் போடுங்கள். வேலைகளை 16 சமபங்காகப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த, உலோகம் மிகுந்த மாதிரிகளே அதிக நேரம் எடுக்கும்; அவற்றை வரிசையில் முன்னால் வையுங்கள், காலியாகும் கோர் அடுத்ததை எடுத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று: இரும்புச் செறிவு −1-க்குக் கீழே மார்க்ஸில் 0.5 இடைவெளிதான் உண்டு. −1.25, −1.75, −2.25 மூன்றையும் விட்டால் 4,290 போதும். சூடான, ஈர்ப்பு குறைந்த மூலையில் மாதிரிகளே இருக்காது. அங்கே கிரிட்டைச் சதுரமாக நிரப்ப முயல வேண்டாம்.

அலைநீளன்:
சுழற்சி, கருவியின் பிரிதிறன் இரண்டையும் கிரிட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பிறகு நொடியில் சேர்த்துக்கொள்ளலாம். முடிவுகளை லாக் அலைநீளத்தில் சம இடைவெளியில், 3,00,000 மாதிரியெடுப்பில் (அலைநீளத்தைப் புள்ளி இடைவெளியால் வகுத்தால் வருவது) சேமித்தால் ஒரு நிறமாலைக்குச் சுமார் 1.76 லட்சம் புள்ளிகள். 32 பிட்டில் மொத்தமே 3 ஜிபி.

பலவீனமான கோடுகளை நீக்கினால் வேகம் கூடும். ஆனால் சூரியனை வைத்துச் சலித்தால் 4000 கெல்வினுக்கு வேண்டிய டைட்டானியம் ஆக்சைடு கோடுகள் போய்விடும். மிகக் குளிர்ந்த, உலோகம் மிகுந்த முனையில் வைத்தே சலியுங்கள். காற்று அலைநீளமா வெற்றிட அலைநீளமா என்பதையும் ஃபைலிலேயே எழுதி வையுங்கள்: 5000 ஆங்ஸ்ட்ராமில் வேறுபாடு 1.4, அதாவது வினாடிக்கு 80 கி.மீ.க்கு மேல்.

குளிர்மீன்:
தனி ஃபோல்டர் கொடுத்ததும் சரியாகிவிட்டது, நன்றி. பின்னால் 20 தனிமங்களின் செறிவையும் மாற்ற வேண்டியிருக்கும். இதே முறை தாங்குமா?

கோடுதேடி:
தாங்காது. தனிமத்துக்கு மூன்று மதிப்பு என்றாலே 348 கோடியைத் தாண்டும். 2019-இல் வெளியான 'தி பெய்ன்' முறையைப் பாருங்கள்: சில ஆயிரம் மாதிரிகளைச் சிதறலாகத் தேர்ந்து கணக்கிட்டு, நரம்பு வலையமைப்பால் இடைமதிப்பு காண்பது. பத்தில் ஒரு பங்கைப் பயிற்சியில் சேர்க்காமல் ஒதுக்கி, பிழையைக் கோடு கோடாகப் பாருங்கள். சராசரிப் பிழை வலுவான கோடுகளின் பிழையை மறைத்துவிடும். பிழை பெரிதாகும் பகுதியில் மட்டும் மாதிரிகளைக் கூட்டினால் போதும்.