ஓவர்லோடிங்: ‘பணியேற்பு’ எனலாமா?

எல்லோருக்கும் வணக்கம்.

நிரலாக்கத்தில் கூட்டல் போன்ற ஒரே குறிக்கு, மதிப்புகளின் வகைக்கு ஏற்ப வெவ்வேறு வேலை தருவதை ஆபரேட்டர் ஓவர்லோடிங் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘மிகைச்சுமை’ என்ற சொல் வேண்டாம். லாரியில் ஏற்றிய பாரம்தான் நினைவுக்கு வருகிறது. பள்ளிப் பாடநூலின் ‘பணிமிகுப்பு’ அதைவிட நல்ல சொல். ஆனாலும் குறிக்கு வேலை அதிகமாகிவிட்டது போல ஒலிக்கிறது. உண்மையில் இருபுறமும் நிற்கும் மதிப்புகளின் வகையைப் பார்த்து, குறிக்கு எந்த அர்த்தம் என்று கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) முடிவு செய்கிறது.

காரைக்குடிப் பக்கம் இது புதிதில்லை. நகரத்தார் வழக்கில் ‘புள்ளி’ என்றால் மணமான ஒரு குடும்பம். கோயிலுக்குப் புள்ளி வரி அந்தக் கணக்கில்தான். அதே வீட்டு வாசலில் கோலத்துக்கும் புள்ளி வைக்கிறார்கள். “எத்தனை புள்ளி?” என்று கோயில் கூட்டத்தில் கேட்டால் ஒன்று, கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று கேட்டால் இன்னொன்று. யாரும் குழம்புவதில்லை.

முதலில் ‘பொருளேற்றம்’ என்று எழுதி வைத்தேன். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ‘பொருள்’ என்பது அர்த்தத்தை அல்ல, ஆப்ஜெக்டைக் குறிப்பதால் விட்டுவிட்டேன். இப்போது என் பரிந்துரை ‘பணியேற்பு’. வினையாகவும் நன்றாக வருகிறது: ‘கலப்பெண்களுக்கும் கூட்டல் குறி பணியேற்கிறது.’

சரி, இந்த வசதியே தேவையா என்று கேட்டவருக்கு: கட்டாயம் தேவை. ஜாவா நிரல்மொழியில் வட்டிக் கணக்கு எழுதிப் பாருங்கள். காசு பிசகாமலிருக்க பிக்டெசிமல் வகையை எடுத்தால் பெருக்கல் குறி உதவாது. ‘அசல்.மல்டிப்ளை(விகிதம்)’ என்று தொடங்கி, அப்புறம் ‘.ஆட்’ என்று நீளும். பேரேட்டில் ஒரே பார்வையில் பிடிபடும் கணக்கு, அடைப்புக்குறிகளுக்குள் ஒளிந்துகொள்கிறது. அதே ஜாவா, சரங்களை (எழுத்துத் தொடர்களை) ஒட்டக் கூட்டல் குறியைத் தனக்கென்று பயன்படுத்திக்கொள்கிறது. நாம் உருவாக்கும் வகைகளுக்கு, அதாவது வகுப்புகளுக்கு (கிளாஸ்), அந்த உரிமையைத் தருவதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

புதுக் குறியையே படைப்பது வேறு விஷயம். அதற்கு ‘புனைகுறி’ எனலாம். சி++ மொழி பணியேற்பை அனுமதிக்கிறது, புனைகுறியை அனுமதிப்பதில்லை. ஹாஸ்கெல் மொழி இரண்டுக்கும் வழி தருகிறது. எந்தக் குறி முதலில் கணக்கிடப்படும் என்ற முன்னுரிமையைக்கூட 0 முதல் 9 வரை நாமே குறிக்கலாம். இங்கேதான் எனக்குத் தயக்கம். கூட்டல் குறியைக் கண்டால் படிப்பவருக்கு ஓர் எதிர்பார்ப்பு இருக்கும். புனைகுறியை வாய்விட்டுப் படிக்கவே பெயர் கிடையாது. எது முதலில் கணக்கிடப்படும் என்பதை வேறெங்கோ தேடிப் பார்க்க வேண்டும்.

பணியேற்பிலும் சிக்கல் உண்டு. சி++ மொழியில் பிட்டுகளை (எண்ணின் 0, 1 இலக்கங்களை) இடப்பக்கம் நகர்த்தும் குறியே திரையில் எழுதவும் பணியேற்றது. முன்னுரிமை மட்டும் பழையதே: ஒப்பீட்டுக் குறிக்கு முன்பே அது கணக்கிடப்படுகிறது. அதனால் ஓர் ஒப்பீட்டின் விடையை அச்சிட அடைப்புக்குறி போட்டாக வேண்டும்.

‘புனை’ என்றதும் கற்பனைக் கதை நினைவுக்கு வருமோ என்று யோசிக்கிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். ‘பணியேற்பு’க்கு மறுப்பு இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள்.