மெயில் சர்வர் அப்கிரேடு: எது திரும்பி வரும், எது வராது? – அனுபவப் பகிர்வு

அலுவலக மெயில் சர்வரைப் பழைய மெஷினிலிருந்து புதியதற்கு மாற்றும்போது எங்கெங்கே இடறுகிறது என்பதை ஆளுக்கொரு பதிவாகத் தொகுக்கலாம். மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டியில் உள்ள மெயிலைப் பயனருக்குக் கொடுக்கும் டவ்காட்டும் லினக்ஸில் ஓடுவதாக வைத்துக்கொள்கிறேன்.

சர்வர் இரண்டு மணி நேரம் நின்றுவிடுமே என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். அது பெரிய விஷயமே இல்லை. நம் சர்வர் கிடைக்காவிட்டால், அனுப்பும் சர்வர் மெயிலைத் தன் க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸில் இந்தப் பொறுமைக்கு இயல்பான அளவு 5 நாள். நாம் 4-இல் தொடங்கும் பதில் எண் (‘பிறகு முயலுங்கள்’) கொடுத்தாலும் இப்படித்தான். பயப்பட வேண்டியது 5-இல் தொடங்கும் பதிலுக்கு (நிரந்தர மறுப்பு). புதிய மெஷினில் பயனர் பட்டியல் அரைகுறையாக ஏறியிருந்தால் ‘550, அப்படி ஒருவர் இல்லை’ என்று பதில் போகும்; மெயில் அந்த நிமிடமே அனுப்பியவருக்குத் திரும்பிவிடும். அதை நம்மால் மீட்க முடியாது.

அதனால் மாற்றும் நாளில் போஸ்ட்ஃபிக்ஸின் மெயின் கான்ஃபிகில் ‘சாஃப்ட் பவுன்ஸ்’ அமைப்பை யெஸ் என்று வையுங்கள். 550 எல்லாம் 450 ஆகிவிடும். லாகில் 450 வாங்கும் முகவரிகளைப் பார்த்து, உண்மையில் இருக்க வேண்டியவற்றைச் சேருங்கள். ஒரு நாள் போனதும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை நம் ஆட்கள் தவறான முகவரிக்கு அனுப்பிய மெயிலும் பவுன்ஸ் ஆகித் திரும்பாமல் க்யூவிலேயே கிடக்கும். போய்ச் சேரவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது.

நம் மெயில் எந்த மெஷினுக்கு, எந்த ஐபிக்கு என்று டிஎன்எஸில் சொல்லும் எம்எக்ஸ், ஏ ரெக்கார்டுகளின் டிடிஎல் (மற்றவர்கள் அவற்றைக் கேஷில் வைத்திருக்கும் நேரம், விநாடியில்) 86400 ஆக இருந்தால், அதை 300 ஆக்குவதை மாற்றத்துக்கு ஒரு முழு நாள் முன்பே செய்ய வேண்டும். அன்று காலையில் குறைத்துப் பயனில்லை. பழைய 86400 வெளியே கேஷில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

* * *

மெயில்பாக்ஸ் நகல் பற்றி நான் சேர்க்கிறேன். மெயில்டிர் வடிவில் இருந்தால் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் முறை சர்வர் ஓடும்போதே. பெரும்பகுதி அதில் முடியும். இரண்டாவது, பழைய பக்கம் போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் நிறுத்திய பிறகு, டெலீட் ஆப்ஷனுடன் (பழையதில் இல்லாததைப் புதியதிலும் நீக்கும்). நியூமெரிக் ஐடி ஆப்ஷனும் (ஃபைலின் உரிமையாளரை எண்ணாகவே நகலெடுக்கும்) வேண்டும். இரண்டு மெஷினிலும், மெயில் ஃபைல்களுக்கு உரிமையாளரான விமெயில் யூசரின் எண் ஒன்றாக இல்லாவிட்டால் மெயில் எல்லாம் வந்திருக்கும், டவ்காட்டால் ஒன்றையும் திறக்க முடியாது.

ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘டவ்காட்-யுஐடிலிஸ்ட்’ என்று ஒரு ஃபைல் இருக்கும். திறந்து முதல் வரியைப் பாருங்கள்: ‘வி’ எழுத்தை ஒட்டி ஒரு நீண்ட எண், அடுத்து ‘என்’ எழுத்தை ஒட்டி இன்னொன்று. முதலாவது யுஐடி வேலிடிட்டி (மெயில்களின் அடையாள எண்களான யுஐடிகள் இன்னும் செல்லும் என்பதற்கான குறி), இரண்டாவது அடுத்து வரும் மெயிலுக்கான எண். இந்த ஃபைல் வராமல்போனால் டவ்காட் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், வேலிடிட்டி எண் மாறிவிடும். அவுட்லுக், தண்டர்பேர்ட், ஃபோன் எல்லாம் வைத்திருந்த நகலைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து இறக்கும். 40 பேருக்கு ஆளுக்கு 10 ஜிபி என்றால் 400 ஜிபி, அதுவும் எல்லோரும் ஒரே காலையில். பழைய அமைப்பில் இண்டெக்ஸ், கன்ட்ரோல் ஃபைல்களை வேறு டைரக்டரிக்கு ஒதுக்கியிருந்தால் இந்த ஃபைல் மெயிலோடு இருக்காது. அதைத் தேடி எடுங்கள்.

பாப்3 (மெயிலைத் தன் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) ஆட்கள் இருந்தால் யுஐடிஎல் (எது ஏற்கெனவே இறக்கியது என்று அறியும் அடையாளம்) ஃபார்மேட்டும் பழையபடியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வரில் விட்டுவைத்த பழைய மெயில் அத்தனையும் அவர்களுக்குப் புதிதாக வந்து விழும். சர்வருக்குச் சர்வர் மெயிலை நகலெடுக்கும் ஐமேப்சிங்க் கருவி யுஐடிகளைக் காப்பதில்லை. வேறு மென்பொருளிலிருந்து வருவதற்குத்தான் அது. டவ்காட்டிலிருந்து டவ்காட்டுக்கு வேண்டாம்.

டிஸ்க்கில் இடம் பார்க்கும்போது ஐநோடையும் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டும்) பாருங்கள். மெயில்டிரில் ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் இயல்பாக 16 கேபிக்கு ஓர் ஐநோடு கொடுக்கிறது. குட்டி மெயில்கள் நிறைந்த பெட்டிகளில் இடம் மீதமிருக்கும்போதே ஐநோடு தீர்ந்துபோகும். இஎக்ஸ்டி4-இல் அந்த விகிதத்தைப் பிறகு மாற்ற முடியாது. ஃபார்மேட் செய்யும்போதே முடிவெடுக்க வேண்டும்.

* * *

டெபியன் லினக்ஸ் 13-க்குப் போகிறவர்களுக்கு ஒன்று: அதில் வருவது டவ்காட் 2.4. பழைய 2.3 கான்ஃபிக் அப்படியே ஏறாது. முதல் அமைப்பாக கான்ஃபிக் வெர்ஷன் வரி இல்லாவிட்டால் டவ்காட் எழுந்திருக்கவே செய்யாது. ‘மெயில் லொகேஷன்’ ஒற்றை வரி, டிரைவர், பாத் எனப் பிரிந்துவிட்டது. பயனர் பெயரைக் குறிக்கும் பெர்சன்ட் யு போன்ற ஒற்றை எழுத்துச் சுருக்கங்கள் போய், அடைப்புக்குள் முழுப் பெயர் எழுத வேண்டும். இரண்டு சர்வருக்கிடையே இருந்த ரெப்ளிகேஷன் (பெட்டிகளை ஒன்றுபோல் வைத்திருக்கும் வசதி) முழுவதுமாக நீக்கப்பட்டுவிட்டது. அதை நம்பி இருப்பவர்கள் முதலில் மாற்று வழி பார்த்துவிட்டுத்தான் அப்கிரேடில் கைவைக்க வேண்டும். பழைய ஃபைலைத் திருத்துவதைவிட, ‘டவ்கான்ஃப்’ கட்டளையால் நாமாக மாற்றிய அமைப்புகளை மட்டும் எடுத்துக் காலி ஃபைலில் புதிதாக எழுதுவதே சீக்கிரம் முடியும்.

* * *

ஐபி மாறினால் பிடிஆர் ரெக்கார்டு (ஐபியிலிருந்து பெயரைச் சொல்வது) மாறியதா என்று பாருங்கள். பிடிஆர் காட்டும் பெயர் மறுபடி அதே ஐபிக்கு வர வேண்டும். பலரும் தவறவிடுவது ஐபிவி6. புதிய மெஷினில் ஐபிவி6 தானாகவே இருக்கும், போஸ்ட்ஃபிக்ஸ் அதன் வழியாகவும் அனுப்பும். அந்த முகவரிக்குப் பிடிஆரும் இல்லை, எஸ்பிஎஃபிலும் (நம் டொமைன் பெயரில் அனுப்பலாம் என்ற ஐபிகளின் பட்டியல்) இல்லை என்றால் ஜிமெயில் 550 கொடுத்துத் திருப்பும். சோதனை மெயில் ஐபிவி4-இல் போனதால் சரியாக இருந்திருக்கும். இரண்டையும் சேருங்கள், அல்லது போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4 மட்டும் என்று கட்டுங்கள்.

புதிய மெஷினில் டிஎன்எஸ் ரிசால்வராக (பெயருக்கு ஐபி தேடித் தருவது) கூகுளின் பொது 8.8.8.8 இருக்கிறதா? ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸ் பட்டியல் பொது ரிசால்வர்களுக்குச் சரியான பதில் தராது, 127.255.255.254 என்ற பிழைக் குறியைத் தரலாம். போஸ்ட்ஃபிக்ஸில் பட்டியலின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் எந்தப் பதில் வந்தாலும் ‘பட்டியலில் இருக்கிறது’ என்றே எடுத்துக்கொள்ளும். வரும் மெயில் எல்லாம் தடை. மெஷினிலேயே அன்பவுண்ட் என்ற ரிசால்வரைப் போட்டு அதைக் கேட்க வையுங்கள். 127.0.0.2 முதல் 11 வரையிலான பதிலை மட்டும் ஏற்கும்படியும் எழுதுங்கள். முதல் பதிவில் சொன்ன சாஃப்ட் பவுன்ஸ் இங்கேயும் காப்பாற்றும்.

டாக்கர் கன்டெய்னருக்கு மாற்றுபவர்களுக்கு: சில அமைப்புகளில் வெளியிலிருந்து வரும் இணைப்புகள்கூட டாக்கர் பிரிட்ஜின் (கன்டெய்னர்களின் உள் நெட்வொர்க்) ஐபியிலிருந்து வருவதாகவே போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியும். அந்த பிரிட்ஜின் 172.17.0.0/16 வரம்பு ‘மை நெட்வொர்க்ஸ்’ (கேள்வியின்றி அனுப்ப விடும் ஐபிகள்) பட்டியலில் இருந்தால் சர்வர் உலகத்துக்கே திறந்த ரிலே ஆகி, யார் மெயிலையும் எங்கும் அனுப்பிவிடும். வெளி மெஷினிலிருந்து வெளி முகவரிக்கு அனுப்பிப் பார்த்து, மறுக்கிறதா என்று சோதிக்காமல் போர்ட் 25-ஐத் திறக்காதீர்கள்.

* * *

ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் பழைய மெஷின்களை யாரும் சொல்லவில்லை. பலவற்றுக்கு டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) 1.0-க்கு மேல் தெரியாது. டிஎல்எஸுக்கான நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் 3-இல் போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பை மட்டும் தளர்த்தினால் போதாது. செக்யூரிட்டி லெவலை 0 ஆக்கினால்தான் 1.0 பேசும். ஒரு ஸ்கேனருக்காக மொத்த சர்வரையும் அப்படித் தாழ்த்துவது தவறு. மாஸ்டர் கான்ஃபிகில் உள் ஐபியில் மட்டும், 2525 போன்ற தனிப் போர்ட்டில், டிஎல்எஸ் இல்லாத ஒரு சேவையைத் திறந்து, அந்த ஸ்கேனரின் ஐபியை மட்டும் அனுமதியுங்கள். பெறுநரும் நம் டொமைனுக்குள் மட்டும்.

சான்றிதழ்: இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் புதுப்பித்தாலும் டவ்காட் பழையதையே மெமரியில் வைத்திருக்கும். புதுப்பித்த பின் தானாக ஓடும் ஸ்கிரிப்டில் (ஹுக்கில்) டவ்காட் ரீலோடைச் சேருங்கள். இடைச் சான்றிதழும் சேர்ந்த ஃபுல்செயின் ஃபைலைக் கொடுங்கள்; சான்றிதழை மட்டும் கொடுத்தால் மேசைக் கணினியில் சரியாகத் தெரிந்து ஃபோனில் பிழை வரும்.