அம்மாவுடன் அங்கோர் வாட்: முழங்கால் வலி உள்ளவருக்கு எந்த வாசல் எளிது?

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் 71 வயது அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கோர் வாட் கோயிலைப் பார்க்கக் கம்போடியாவின் சியம் ரீப் நகருக்குப் போகிறேன். விமானம் இரவு ஒன்பதரைக்குத்தான் இறங்குகிறது. 2023இல் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேல். அந்நேரத்தில் டாக்சி கிடைக்குமா, விடுதியிலேயே வண்டி சொல்லிவைப்பது நல்லதா?

ஆனால் என் பெரிய கவலை படிகள்தான். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஒரு கையால் சுவரைப் பிடித்து, இரு பாதங்களையும் ஒரே படியில் ஊன்றிய பிறகுதான் அடுத்த படிக்குப் போவார். உச்சிக் கோபுரத்தின் செங்குத்துப் படிகள் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கிழக்குச் சுற்றில் உள்ள பாற்கடல் கடையும் சிற்பத்தை மட்டும் கண்ணாரப் பார்க்க வேண்டுமாம். வாசுகியை இழுக்கும் தேவரும் அசுரருமாக ஏறக்குறைய 49 மீட்டர் நீளச் சுவர் அது! சிறுமியாக இருந்தபோது தாத்தா மடியில் கேட்ட கதை.

மேற்கு வாசலில் இறங்கினால் அகழியைக் கடந்து நெடுந்தூரம் நடக்க வேண்டும். கிழக்கு வாசல் வழியாகப் போனால் நடை குறையுமா? அங்கே எத்தனை படிகள், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா? வயதான பெற்றோரை அழைத்துச் சென்றவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.