ஏர் எடுத்தும் பிரேக் பெடல் உள்ள போகுது, ஆம்னிக்கு யோசனை சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. 2008 ஆம்னி வேன், முன்னாடி டிஸ்க் பிரேக், பின்னாடி டிரம் பிரேக். பின் வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்துல ஷூவைத் தள்ளுறது) கசிஞ்சதால ரெண்டையும் மாத்தி, டிரம்முக்குள்ள உரசுற ஷூவும் புதுசு போட்டேன். அதுலேர்ந்து தலைவலி. முதல் மிதிக்குப் பெடல் பாதிக்கு மேல உள்ள போகுது. மூணு தடவை அடிச்சா கல்லு மாதிரி நிக்குது. ஒரு நிமிஷம் விட்டா பழைய கதைதான்.

பிரேக் லைன்ல மாட்டின காத்தை வெளியேத்த மூணு தடவை ஏர் எடுத்தாச்சு. பின் இடதுல ஆரம்பிச்சு, கடைசியா டிரைவர் பக்கம் முன் வீல். பையன் பெடலை மிதிச்சுப் பிடிக்க, நான் கீழே படுத்து வீல்ல காத்து வெளியேத்துற நிப்பிளைத் திறந்து மூடினேன். டியூப் முனை பாட்டில் ஆயிலுக்குள்ள முங்கியே இருந்துச்சு. முதல்ல டிகாக்‌ஷன் கலர்ல வந்தது, அப்புறம் தெளிஞ்சிடுச்சு, ஒரு குமிழ்கூட இல்லை. மேல பிரேக் ஆயில் டப்பாவையும் காலியாக விடலை. ஆயில் டாட் 3 கிரேடு, சீல் பிரிக்காத டின்.

மெக்கானிக் பார்க்காமலே "மாஸ்டர் சிலிண்டரை மாத்துங்க"ன்னுட்டார், அதாவது பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மெயின் சிலிண்டர். ஏர் எடுக்கும்போது பையன் தரை வரைக்கும் மிதிச்சான், அந்த சிலிண்டருக்குள்ள துருப்பிடிச்ச இடத்துல உரசி ரப்பர் கிழிஞ்சிருக்கலாம், ஒத்துக்கிறேன். ஆனா கிழிஞ்சிருந்தா பெடல் மெதுவா இறங்கணும், எஞ்சின் ஓடும்போது அழுத்திப் பிடிச்சா இறங்கலையே! பின் ஷூவையே இழுக்குற ஹேண்ட்பிரேக்கும் ரொம்ப மேல இழுத்தாத்தான் பிடிக்குது. அதனால ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி நிக்குதோன்னு சந்தேகம்.

ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டை முதல்ல பார்க்கவா, இல்ல பிரேக் ஆயில் போற ஹோஸை ஒண்ணொண்ணா கிளாம்ப் போட்டு அடைச்சு, கோளாறு எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கவா? பழைய ரப்பர் ஹோஸ் கிளாம்ப் தாங்குமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. வண்டியை ரோட்டுக்கு எடுக்கலை, ஷெட்லதான் நிக்குது.