செவன் கார்டு ஸ்டட்: இரண்டு ஜோடி இருந்தும் 18 டாலர் போனது, எங்கே தவறினேன்?

கேள்வி: கரையோரவாசி

வணக்கம். நியூ ஜெர்சியில் வசிக்கும் நான், மாதத்தில் ஒரு சனிக்கிழமை அட்லாண்டிக் சிட்டிக்குச் சென்று, 1 முதல் 5 டாலர் வரை விருப்பம்போல் பந்தயம் கட்டக்கூடிய செவன் கார்டு ஸ்டட் (ஆளுக்கு ஏழு சீட்டு தரும் போக்கர் ஆட்டம்; முதல் இரண்டும் கடைசியும் மூடியவை, மற்றவை திறந்தவை) மேசையில் உட்காருவது வழக்கம். எங்கள் மேசையில் முன்பணம் கிடையாது. திறந்த சீட்டுகளில் மிகச் சிறியது யாரிடம் இருக்கிறதோ அவர் 1 டாலர் போட்டு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்.

சென்ற வாரம் 7 பேர் ஆடினோம். எனக்கு மூடிய சீட்டுகளாக ஜாக்கும் 5-ம், திறந்த சீட்டாக இன்னொரு 5-ம் வந்தன. திறந்த 3 வைத்திருந்தவர் 1 டாலர் போட, மூவர் சீட்டைக் கவிழ்க்க, நால்வர் மிஞ்சினோம். நான்காம் சீட்டில் எனக்கு ஜாக் வந்தது. அதாவது இரண்டு ஜோடி, ஆனால் வெளியே தெரிந்தது 5-ம் ஜாக்கும் மட்டுமே. எனக்கு அடுத்து இருந்தவர் ராணி, 9 காட்டினார். மற்றொருவர் ஹார்ட்டில் 3, 8. கடைசி ஆள் 4, ராஜா. ராஜாக்காரர் செக் சொன்னார், அதாவது பந்தயம் கட்டாமல் விட்டார். யாரையும் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்து 2 டாலர் மட்டும் கட்டினேன், மூவரும் தொடர்ந்தார்கள். ஐந்தாம் சீட்டு எனக்கு உதவவில்லை, ராணிக்காரருக்கு 6 வந்தது, மூன்றாவது ஆளுக்கு ஹார்ட்டிலேயே 10 வந்தது. 5 டாலர் கட்டினேன். ராஜாக்காரர் விலகினார், மற்ற இருவரும் தொடர்ந்தனர். ஆறாம் சீட்டில் ராணிக்காரருக்கு இரண்டாவது ராணி வந்து ஜோடி வெளியிலேயே தெரிந்தது. அவர் 5 டாலர் கட்ட, ஹார்ட் ஆடியவர் தொடர, நானும் தொடர்ந்தேன். கடைசிச் சீட்டிலும் எனக்கு எதுவும் அமையவில்லை. அவர் மீண்டும் 5 கட்டினார், ஹார்ட்காரர் விலகினார், நான் கட்டிப் பார்த்தேன். ராணியும் 9-மாக இரண்டு ஜோடி காட்டினார்.

எந்தக் கட்டத்தில் பந்தயம் கட்டியிருக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் விட்டிருக்க வேண்டும்?

பதில்: ஏழாம்சீட்டு

நண்பரே, உங்கள் தவறு நீங்கள் வருந்துகிற இடத்தில் இல்லை, நான்காம் சீட்டிலேயே நடந்துவிட்டது. அப்போது நடுவில் சேர்ந்திருந்த பந்தயப் பணம் 4 டாலர். நீங்கள் 2 கட்டியதால், ராணிக்காரர் 6 டாலரைப் பிடிக்க 2 கொடுத்தால் போதும் என்ற நிலை உண்டாயிற்று. அது கட்டுப்படியாக அவருக்கு 25 சதவீத வாய்ப்பு இருந்தால் போதும். ஒரு 9 உள்ளே மூடியிருந்தது என்று இப்போது தெரிகிறது. உங்களை முந்த, மீதமுள்ள 3 ராணிகளிலோ 2 ஒன்பதுகளிலோ ஒன்று அவருக்கு வர வேண்டும். இந்த 5 சீட்டுகளும் வெளியே போகாமல் இருந்தால், மீதமுள்ள மூன்று சுற்றுகளில் ஒன்றாவது வந்துசேரும் வாய்ப்பு ஏறக்குறைய 34 சதவீதம். 25-ஐவிட 34 அதிகம் என்பதால், அவர் தொடர்ந்தது நியாயமே.

அதே இடத்தில் 5 கட்டியிருந்தால், 9 டாலரைப் பிடிக்க அவர் 5 கொடுக்க வேண்டும். தேவைப்படும் வாய்ப்பு 36 சதவீதத்தைத் தொட்டுவிடும். பிந்தைய சுற்றுகளின் பணத்தைக் கணக்கில் சேர்த்தால் இந்த எல்லை சற்று நகரும் என்பது உண்மைதான். ஆனாலும் ஓர் ஆளை அவருக்குக் கட்டுப்படியாகாத விலையில் தொடரச் செய்வதும், கட்டுப்படியாகும் விலையில் தொடரவிடுவதும் ஒன்றல்ல. உங்கள் இரண்டு ஜோடியும் உள்ளே பாதி, வெளியே பாதியாக ஒளிந்திருந்தது; அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

ஒன்று கேட்க வேண்டும். தொடக்கத்தில் கவிழ்க்கப்பட்ட மூன்று திறந்த சீட்டுகள் எவை?

கரையோரவாசி

நினைவுபடுத்திப் பார்க்கிறேன். ஒரு 7, ஒரு 5, ஒரு ஜாக். ஆட்டத்தின்போது இவற்றை நான் கணக்கில் எடுக்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பதில்: மேசைப்பழமை

அப்படியானால் விஷயமே மாறுகிறது. மேலே எழுதியவர் சொன்ன நான்காம் சீட்டுக் கணக்கு சரி. எனினும் இந்தக் கையை அதற்கும் முன்பே எடைபோட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டு ஜோடியை நாம் நம்புவதே அது ஃபுல் ஹவுஸாக (ஒரே எண்ணில் மூன்று சீட்டும் ஒரு ஜோடியும்) வளரும் என்பதற்காக. அதற்கு, மீதமுள்ள 2 ஜாக்குகளிலோ 2 ஐந்துகளிலோ ஒன்று உங்களுக்கு வர வேண்டும். அவற்றில் வகைக்கு ஒன்று முதல் சுற்றிலேயே செத்துவிட்டது, அதாவது கவிழ்ந்த சீட்டுகளோடு போய்விட்டது. ஆறாம் சீட்டில் நீங்கள் கண்ட சீட்டுகளை எண்ணிப் பாருங்கள்: உங்கள் 6, ராணிக்காரரின் 4, ஹார்ட்காரரின் 4, விலகிய ராஜாக்காரரின் 3, தொடக்கத்தில் கவிழ்ந்த 3, ஆக மொத்தம் 20. காணாத 32 சீட்டுகளில் உங்களுக்கு உதவுபவை 2 மட்டுமே, அதாவது பதினாறில் ஒரு வாய்ப்பு. நான்கும் உயிரோடு இருந்திருந்தால் அது எட்டில் ஒன்றாக இருந்திருக்கும். கவிழ்ந்த சீட்டைப் பார்ப்பவருக்கும் பார்க்காதவருக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றதற்குப் பின் இளைஞர்கள் பெரும்பாலும் ஹோல்டெம் என்ற வேறு போக்கர் வகையின் பக்கம் போய்விட்டதால், ஸ்டட் மேசையில் இன்னும் மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு சீட்டையும் மனத்தில் வைத்திருக்கும் பழைய ஆட்டக்காரர்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு மூச்சில் வந்துவிடும்.

இப்போது ஆறாம் சீட்டுக்கு வருகிறேன். ராணி ஜோடி வெளியே தெரிகிறது. அவர் அதற்கு முன் இரண்டு சுற்றுகளில் பணம் கட்டித் தொடர்ந்திருக்கிறார். கையில் ஏதோ ஒரு ஜோடி இருந்ததால்தான் தொடர்ந்தார் என்று வைத்தால், அவரும் இரண்டு ஜோடிக்காரரே, அதுவும் உங்களைவிடப் பெரியவர். வரிசைக்கான சீட்டுகளை வைத்துக்கொண்டு தொடர்ந்திருந்தால் மட்டுமே, ராணி ஜோடி தனித்து நிற்க, நீங்கள் முன்னிலையில் இருப்பீர்கள். முடிவுவரை போக 10 டாலர் செலவு, எதிர்பார்ப்பது 42 டாலர். ஐந்தில் ஒரு முறைக்குச் சற்றே குறைவாக வென்றால் ஈடாகும். இதை நான் விட்டிருப்பேன். மேலும் ஹார்ட்டில் மூன்று காட்டியவர் உங்களுக்கு முன்னே தொடர்ந்திருக்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம். ஐந்தாம் சீட்டில் அவரிடம் நான்கு ஹார்ட் இருந்திருந்தால், ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள்) முடிக்க ஏறக்குறைய 35 சதவீத வாய்ப்பு இருந்தது.

ஏழாம்சீட்டு

ஆறாம் சீட்டைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஏழாம் சீட்டில் கரையோரவாசி கட்டிப் பார்த்தது தவறு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அங்கே நடுவில் 47 டாலர், கட்ட வேண்டியது 5. பத்தில் ஒரு முறை ராணி ஜோடி தனித்து நின்றாலே அது ஈடாகிவிடும். பணம் போனதற்குக் காரணம் அதற்கு முந்தைய தெரிவுகள்.

கடைசிச் சீட்டில் நீங்களே முதலில் பந்தயம் கட்டலாமா என்பதைப் பலர் குழப்பிக்கொள்வதால், அதையும் சொல்லிவிடுகிறேன். எதிரே ஒரே ஆள், அவர் ஃப்ளஷுக்காகவே தொடர்ந்தவர் என்றால் செக் சொல்லுங்கள். கிடைக்காதவர் உங்கள் பந்தயத்துக்குக் கவிழ்த்துவிடுவார், கிடைத்தவர் ஏற்றுவார். இரண்டிலும் உங்களுக்கு லாபமில்லை. ஒற்றைப் பெரிய ஜோடியை வெளியே காட்டிக்கொண்டிருப்பவர் எதிரே இருந்தால், இத்தகைய மேசைகளில் ஆர்வத்தினாலேயே பார்த்துவிடுவார்கள். உங்கள் பெரிய ஜோடி அவருடையதைவிட மேலானதாக இருந்தால் துணிந்து 5 கட்டுங்கள். ஏழு சீட்டுகளில் ஏறக்குறைய 23.5 சதவீதம் இரண்டு ஜோடியாகவே முடியும் என்பதால், ஜாக்குக்குக் கீழ் உள்ள இரண்டு ஜோடியை நான் பெரிதாக மதிப்பதில்லை.

பதில்: தாழ்விலை

இருவரும் சொல்வதில் எனக்கு ஒரே ஒரு மாறுபாடு உண்டு. 5 டாலர் கட்டினால் எதிரிகள் விலகுவார்கள் என்ற எண்ணம் 1–5 மேசையில் பெரும்பாலும் பலிக்காது. இங்கே மூன்று பேர் தொடர்வது வழக்கம். ராணிக்காரர் தனியாக 34 சதவீதம், ஃப்ளஷ்காரர் இன்னொரு பங்கு, ராஜாக்காரர் வேறொரு பங்கு என்று சேரும்போது, உங்கள் இரண்டு ஜோடி கடைசிவரை நிற்கும் வாய்ப்பு பாதிக்குக் கீழேயும் இறங்கலாம். இருந்தாலும் நால்வர் பணம் போடும்போது பாதிக்குச் சற்றுக் குறைவாக வெல்வதும் லாபமே. ஆகவே நான்காம், ஐந்தாம் சீட்டுகளில் 5 கட்டுவது அவர்களை விரட்டுவதற்காக அல்ல, பின்தங்கியிருப்பவர்களிடம் இப்போதே பணம் வாங்குவதற்காக. இந்த நோக்கத்தோடு கட்டினால், யாரும் விலகவில்லையே என்று மனம் நோகாது.

ஆனால் ஜாக்கும் 5-ம் ஒவ்வொன்று செத்திருந்த கையை 1 டாலருக்குக்கூடத் தொடர்ந்திருக்க வேண்டுமா என்பதே என் சந்தேகம்.

கரையோரவாசி

அந்த 1 டாலரைச் சிறிய தொகை என்று நினைத்துத்தான் தொடர்ந்தேன். மீதி 17 அதன் பின்னாலேயே வந்தது. அடுத்த சனிக்கிழமை, கவிழும் சீட்டுகளை மனத்தில் ஒப்பித்துக்கொண்டே ஆடிப் பார்க்கிறேன். அந்த 7 வந்தது எந்த நிறத்தில் என்று மட்டும் இப்போதும் நினைவுக்கு வரவில்லை.