பாயார் தீவில் மணலில் நங்கூரம் போடலாமா?

பாய்மரம்72:
போன வாரம் இங்க ஒருத்தர், "மரைன் பார்க்குக்குள்ள நங்கூரம் போடுறவன் பவளத்தக் கொல்றவன்"னு எழுதிட்டுப் போயிருக்கார். எனக்கு ரெண்டு நாளா தூக்கம் வரல. மலேசியாவுல லங்காவியிலேருந்து பினாங்கு இறங்குற வழியில இருக்குற பாயார் மரைன் பார்க்குல, அதாவது பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியில, 20 வருஷமா படகை நிறுத்துறேன். மூரிங், அதாவது கடலடியில கட்டிவச்ச மிதவை, காலியா இருந்தா அதுல கட்டுவேன். இல்லேன்னா, அடி தெரியுற தண்ணியில மணல் திட்டு பார்த்துத்தான் போடுவேன். 1985 மீன்வளச் சட்டம் 43ஆம் பிரிவு என்ன சொல்லுது? பவளம், பாறை, மூழ்கிக் கிடக்குற வேற பொருள், இதுங்க மேல பாரத்தைப் போட்டோ, கயிறு சங்கிலி கட்டியோ படகை நிறுத்தக்கூடாது. மணல்னு எங்க இருக்கு? காட்டுங்க.

முக்குளிப்பான்:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே திட்டுங்க அண்ணே, ஒளிஞ்சு பேச வேணாம்.

நங்கூரம் மணல்ல விழுது, சரி. சங்கிலி எங்க கிடக்கு? 12 மீட்டர் ஆழம்னா அதுக்கு 5 மடங்கு, 60 மீட்டர் சங்கிலி விடுவீங்க. சுமார் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை நீரோட்டம் மாறுது, படகும் திரும்புது. நீங்க மேல தூங்கும்போது சங்கிலி கீழ வட்டம் போட்டு அரைக்குது. நான் பார்த்ததைச் சொல்றேன். பானை அளவு போரைட்டிஸ் பவளம், உச்சியில விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு. படகு அசையுறப்பல்லாம் அந்தக் கோட்டுலேருந்து மாவு மாதிரி தூள் பறக்குது. வருஷத்துக்கு சுமார் 1 செ.மீ. வளர்ற ஜாதி அது. நங்கூரத்தைப் போய்ப் பார்த்தேன், மணல்லதான் இருந்துச்சு.

பாய்மரம்72:
நான் மணலைக் கேட்டேன், நீங்க சங்கிலியைச் சொல்றீங்க. சட்டத்துல மணல் இருக்கா இல்லையா?

லுமுட் வாத்தியார்:
ஐயா, "மூழ்கிக் கிடக்கும் வேறு பொருள்" என்றால் நீருக்கடியில் இருக்கும் எதுவும் அடங்கும். மணலும் பொருள்தான்.

பாய்மரம்72:
அப்போ கடலடி முழுக்கப் பொருள்தான் வாத்தியாரே. பிறகு எதுக்குப் பவளம், பாறைன்னு தனித்தனியா எழுதணும்? "நங்கூரமே கூடாது"ன்னு ஒரு வரியில முடிச்சிருக்கலாமே. படிச்சவங்க இப்படிப் பேசினா என்ன பண்றது.

குவாலா மூடா பையன்:
எங்கப்பா மீன்பிடிக்கிறவர். பாயார், காச்சா, லெம்பு, செகந்தாங் நாலு தீவையும் சுத்தி 2 கடல்மைலுக்குள்ள அவர் தூண்டில்கூடப் போட முடியாது. அதை ஏத்துக்கிட்டோம். வசதியான படகுல வர்றவங்க மட்டும் மணலுக்கு வக்கீல் வைக்கிறாங்க.

பாய்மரம்72:
தம்பி, என் படகு 31 அடி, வாங்குறப்பவே பழசு. வசதியைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க. பெரிய கட்டமரான் (ரெட்டை உடல் பாய்மரப் படகு) வச்சிருக்கிறவங்ககிட்ட போய்க் கேளுங்க.

கட்டமரான் அண்ணாச்சி:
என்னை எதுக்கு இழுக்குறீங்க? உங்க எஞ்சினை நான் வாங்கல, அந்தக் கோபம் இன்னும் தீரலையா?

முக்குளிப்பான்:
எஞ்சின் கதையை வெளிய வச்சுக்கங்க. எழுத்துல அனுமதி இல்லாம பார்க்குக்குள்ள என்னென்ன செய்யக்கூடாதுன்னு சொல்லத்தான் அந்தப் பிரிவே இருக்கு. சந்தேகம் இருந்தா முதல்ல கேட்டுட்டு நிறுத்தணும், நிறுத்திட்டு வார்த்தையில ஓட்டை தேடக்கூடாது. இன்னொண்ணு, "கயிறு, சங்கிலி"ன்னு அதே வரியில இருக்கு. உங்க சங்கிலி பவளத்துல சுத்திக்கிச்சுன்னா நங்கூரம் எங்க விழுந்தா என்ன?

பாய்மரம்72:
சுத்தாத இடமாப் பார்த்துத்தான் போடுறேன். மூரிங் மூரிங்னு சொல்றீங்களே, அதை நம்பலாமா? வேறொரு தீவுல மிதவையில கட்டிட்டுப் படுத்தேன். விடியக்காலை சுமாத்ரா காத்து, அந்தப் பக்கத்துலேருந்து திடீர்னு வர்ற புயல்காத்து, அடிச்சுது. படகு மிதவையோட சேர்ந்து போகுது! மேல இழுத்துப் பார்த்தா, அடிக்கயிறு சிப்பி அறுத்து ரெண்டு புரிதான் மிச்சம். பக்கத்துலயே பாறை. அன்னிக்கு என்னைக் காப்பாத்தினது என் நங்கூரம்.

லுமுட் வாத்தியார்:
எந்த மிதவை எத்தனை டன் தாங்கும் என்று அதிலேயே பெரிதாக எழுதி வைக்க வேண்டும். இதை நான் பல முறை சொல்லிவிட்டேன்.

முக்குளிப்பான்:
கட்டின உடனே முக்குளிக்கிற கண்ணாடி மாட்டிக்கிட்டுத் தண்ணியில இறங்கி, கயிறையும் கீழ இருக்குற கான்கிரீட் கட்டையையும் பார்க்கணும். பத்து நிமிஷ வேலை. பழுதா இருந்தா பார்க் ரேஞ்சர்கிட்ட சொல்லணும், கிளம்பிடணும். மூரிங் மோசம்கிறதுக்காகப் பவளம் அடி வாங்கணுமா?

பாய்மரம்72:
63 வயசுல நீரோட்டத்துல இறங்கணுமா? கிளம்பி எங்க போறது? 2 மைல் தள்ளினா திறந்த கடல், மறைப்பே கிடையாது. வெயில் சாயுற நேரம். உயிர் முக்கியம்.

முக்குளிப்பான்:
காலையிலேயே கிளம்பி வந்தா மூரிங் கிடைக்கும். கிடைக்கலேன்னா வெளிச்சத்துலயே லங்காவி திரும்பலாம், சுமார் 30 கிலோமீட்டர்தான். இருட்டுறப்ப வந்து நின்னுட்டு உயிரைக் காட்டி வாதாடாதீங்க அண்ணே. நான் 9 வருஷமா அந்தத் தண்ணிக்குள்ள இருக்கேன். நீங்க 20 வருஷமா மேல இருக்கீங்க.

பாய்மரம்72:
கீழ இருந்தா சட்டம் தெரிஞ்சிடுமா? மணல்ங்கிற வார்த்தையைக் காட்டுங்க, அன்னிக்கே நிறுத்துறேன்.

முக்குளிப்பான்:
அந்த வெள்ளைக் கோட்டைக் காட்டுறேன், வாங்க. டிசம்பர்ல தண்ணி தெளிஞ்சிருக்கும்.

பாய்மரம்72:
அந்த வெள்ளைக் கோடு யார் சங்கிலியால வந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? என் சங்கிலியா?

லுமுட் வாத்தியார்:
"மூழ்கிக் கிடக்கும் பொருள்" பற்றி நான் சொன்னதற்கு இன்னும் சரியான பதில் வரவில்லை.